நாலு மூலை மஞ்சள்

"மாட்டாஸ்பத்திரி வாசல்ல நாம நிக்கறத யாராவது பாத்தா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு வைத்தியம்னு பந்தயம் கட்டுவாங்க மேரிம்மா" என்றார் மாயவன், பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டே.

ஆனந்தமேரி சிரிக்கவில்லை. மாயவனும் அதை எதிர்பார்க்கவில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அவளுக்குத் துணையாக வேலை பார்க்கும் மனுஷர் அவர். காலியாக ஓடும் பஸ்ஸிலும் விசில் ஊதிப் பழகியவர்.

அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது. டென்னிஸ் என்ற அவள் கணவர் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து காபி சுடுகிறதா ஆறிவிட்டதா என்பதெல்லாம் அவளுக்கு ஒன்றுதான். போதாததற்குச் சர்க்கரை வேறு. விரல் நுனிகள் மரத்துப்போய், ஊசி குத்தினாலும் தெரியாது. கை மரத்ததற்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மற்றதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயம் ஆனதா என்று துப்பறிந்து சொல்லும் பிழைப்புக்கு அந்த மரப்பு ஒருவிதத்தில் வசதியாகத்தான் இருந்தது.

இப்போது வந்திருக்கும் வழக்கில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு பித்தளைக் குடம்தான் இருக்கிறது.

மாவட்டத்தில் கோமுகி கோப்பை என்று வருடாவருடம் ஒரு கால்பந்துப் போட்டி. மொத்தம் எட்டு கிளப். பெரிய கிளப் நான்கும் ஒரு குடத்தில், சின்னக் கிளப் நான்கும் இன்னொரு குடத்தில். பெரியவர்கள் முதல் சுற்றிலேயே ஒருவரோடொருவர் மோதி வெளியே போய்விடக் கூடாதாம், போய்விட்டால் கடைசி நாள் கூட்டம் வராதாம். இதை யாரும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. மைக்கில் சொல்லித்தான் செய்கிறார்கள். இதற்கு மேல் ஒரு விதி: சின்னக் குடத்திலிருந்து முதலில் வரும் சீட்டு சென்ற வருடச் சாம்பியனோடு, சாம்பியனின் மைதானத்திலேயே ஆட வேண்டும். மற்ற மூன்று சின்னக் கிளப்புக்கும் சொந்த ஊரில் ஆட்டம் கிடைக்கும். சாம்பியன் எப்போதும் டவுன் லெவன். முதலில் வரும் சீட்டு எப்போதும் வெள்ளிமலை. ஆறு வருடமாக இதே கதை.

ஒவ்வொரு வருடமும் சீட்டு எடுத்தது வேறு வேறு ஆள். சிறப்பு விருந்தினர் என்று யாரையாவது அழைத்து, கண்ணைக் கட்டி எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பேங்க் மேனேஜர், ஒரு ஜவுளிக்கடை முதலாளி என்று இருவரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. இருவர் மீதும் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. "அதுவா வந்து கையில ஏறிச்சும்மா" என்று மட்டும் மேனேஜர் சொன்னார். மூன்றாவது ஆள், சென்ற வருடம் எடுத்த கால்நடை டாக்டர் தேவிப்ரியா. இன்று சாயங்காலம் இந்த வருடக் குலுக்கல்.

டாக்டர் ஒரு கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கலீங்க. கண்ணக் கட்டினாங்க, குடத்துல கைய விட்டேன். கழுத்து ரொம்பக் குறுகல், விரல் நுனிதான் அடியத் தொட்டுச்சு. முதல்ல எது தட்டுச்சோ அதை எடுத்துட்டேன்."

"எடுத்த பின்னால என்ன செஞ்சீங்க?" என்றாள் ஆனந்தமேரி.

"கை கழுவினேன்."

"எதுக்கு?"

"விரல்ல மஞ்சளா கறை. என் கையில எப்பவும் ஏதாவது மருந்து ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அதனால பெருசா நெனைக்கல."

மாயவன் கன்றுக்குட்டியிடமிருந்து நியாயமான தூரத்தில் நின்று தலையை நீட்டினார். "டாக்டரம்மா, அன்னிக்கு மாடு பாத்துட்டு நேரா மண்டபத்துக்குப் போனீங்களா?"

"இல்லியே, அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. லீவு. குளிச்சிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு..."

டாக்டர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். கன்றுக்குட்டி வாயை மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில் மாயவன் நிறையப் பேசினார். ஆனந்தமேரி காதில் விழுந்தது கொஞ்சம்தான். மஞ்சள் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடிப்படியில் வெற்றிசெல்வன் காத்திருந்தான். வெள்ளிமலை அணியின் கேப்டன். முப்பதை நெருங்கும் வயது. கறுத்து மெலிந்த ஆள். வழக்கைக் கொண்டுவந்தவன் அவன்தான் என்றாலும், வழக்கு முடியும் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் துளியும் இல்லை.

"கண்டுபுடிச்சா மட்டும் இன்னாக்கா ஆவப் போவுது" என்றான். கேள்விகூட இல்லை அது. "பசங்க பையக் கட்டி வெச்சிட்டானுங்க. தோத்த மறுநாளே கேரளாவுக்கு மெளகு பறிக்கக் கெளம்பிடுவானுங்க. வருஷா வருஷம் அதான் நடக்குது. ஆனா இந்த வாட்டி போனா இனிமே பூட்ஸயே தொட மாட்டோம்னு சொல்லிட்டானுங்க. டவுன் கிரவுண்டுல போய் ஒத வாங்கறதுக்கு மலையேறி எறங்கணுமான்னு கேக்கறானுங்க. நான் இன்னா சொல்றது? ஒரே ஒரு ஆட்டம் எங்க கிரவுண்டுல நடந்தா போதும். டீம் நிக்கும்."

இதையெல்லாம் அவன் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். ஆனந்தமேரிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்த குரல். அவளுடைய வீட்டில், அவள் வாயிலிருந்து தினமும் வருவதுதான்.

அவள் பார்வை அவன் சட்டைப்பையில் நின்றது. வெள்ளைச் சட்டை. பையின் அடி மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் திட்டு.

"இந்தச் சட்டைய இதுக்கு முன்னால எப்பப் போட்ட?"

"நேத்துதான். சீட்டு குடுக்க வந்தப்போ. நல்ல காரியத்துக்குன்னு இது ஒண்ணுதான் வெச்சிருக்கேன்."

"சீட்டு பையில இருந்துச்சா?"

"ஆமாக்கா. நாமளே எழுதி, நாமளே மடிச்சுக் குடுக்கணும், அதான் ரூல். நாலு மூலைக்கும் மஞ்ச வெச்சு, கரியராமர் காலடியில ஒரு நாள் வெச்சிருந்து எடுத்தாந்தேன். மஞ்ச வெக்காம எங்க வூட்டுலேர்ந்து எதுவும் வெளிய போவாது."

"எவ்ளோ மஞ்ச வெச்ச?"

"கொஞ்சமா வெச்சா சாமி இன்னா நெனைக்கும்? நல்லா கொழகொழன்னு அரைச்சு நெறையத்தான் வெச்சேன்."

மாயவன் மெதுவாக விசில் அடித்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் விசில்.

அடுத்த கால் மணி நேரம் அந்த மாடியில் நடந்ததைப் பார்த்தவர்கள் ஏதோ பரிகாரம் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கீழே கடையில் வேலை பார்க்கும் கவியா மளிகைக்கடையிலிருந்து மஞ்சள் தூள் வாங்கி வந்தாள். வெற்றிசெல்வன் ஒரு சீட்டு எழுதி, நேற்றுச் செய்தது போலவே நாலு மூலைக்கும் குழைத்துத் தடவி, வெயிலில் காயவைத்து மடித்தான். மஞ்சள் வைக்காத சீட்டு மூன்றை மாயவன் மடித்தார். நான்கையும் ஆபீஸ் தண்ணீர்க் குடத்தைத் துடைத்து உள்ளே போட்டார்கள்.

"கண்டக்டர் கை மொதல்ல" என்று மாயவன் கண்ணை மூடிக் கையை விட்டார். மஞ்சள் சீட்டு வந்தது. மறுபடியும் குலுக்கினார்கள். மறுபடியும் அதுதான். கவியா எடுத்தாள், அதேதான். வெற்றிசெல்வன் எடுத்தான், அவனுக்கும் அதேதான்.

"மஞ்ச காஞ்சா பேப்பர் வெறச்சிக்குது மேரிம்மா. மத்ததெல்லாம் அடியில படுத்துக் கெடக்கு. இது மட்டும் படியில நிக்கற பேசஞ்சர் மாதிரி விரிஞ்சுக்கினு நிக்குது. எவன் கைய வுட்டாலும் இதான் மொதல்ல இடிக்கும்."

"நான் பாக்கறேன்" என்று ஆனந்தமேரி கையை விட்டாள். சாதாரணச் சீட்டு வந்தது. இன்னொரு முறை விட்டாள். அப்போதும் சாதாரணச் சீட்டு. மூன்றாம் முறையும் மஞ்சள் வரவில்லை.

மாயவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இன்னாங்க இது? ஊருக்கெல்லாம் வர்றது உங்களுக்கு மட்டும் வர மாட்டேங்குது."

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "என் விரலுக்கு எதுவும் தெரியாதே மாயவண்ணே. நிக்கறதும் படுத்திருக்கறதும் ஒண்ணுதான் அதுக்கு" என்றாள். பிறகு வெற்றிசெல்வனிடம் திரும்பினாள். "நாமளே எழுதி மடிக்கணும்னு ரூல் போட்டது யாரு?"

"ஐயப்பன் சார். கமிட்டிச் செயலாளர். ஏழு வருஷத்துக்கு மின்ன டவுன் லெவன் கோப்பைய கெலிச்சிட்டு, மலைக்கு சும்மா ஒரு ஆட்டம் ஆட வந்தாங்க. மூணு கோல் வாங்கிக்கினு எறங்கினாங்க. அப்போ ஐயப்பன் சார் அவங்க மேனேஜரு. அடுத்த வருஷம் செயலாளரா வந்தாரு."

"குறுகின வாய்க் குடம்?"

"அவர் வாங்கினதுதான். எடுக்கறவங்க உள்ள எட்டிப் பாக்க முடியாதாம்."

"முதல் சீட்டு சாம்பியனுக்குன்னு வெச்சது?"

"அதுவும் அவருதான்" என்றான் வெற்றிசெல்வன்.  தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல விதி. யாரும் குற்றம் சொல்ல முடியாது. கேட்டால் வெளிப்படை என்பார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு மஞ்சள் சீட்டைப் போட்டால்தான் அது என்னவென்று தெரியும். அந்த ஆள் சீட்டைத் தொடவே இல்லை. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. மலைக்காரர்கள் மஞ்சளை விட மாட்டார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது போதுமாக இருந்திருக்கிறது. இதற்கு எந்தப் போலீசிடம் போய் என்ன புகார் எழுதுவது?

"அப்போ ஆறு வருஷமா எங்களுக்கு நாங்களே செஞ்சிக்கினோமா?" என்றான் வெற்றிசெல்வன். அவனுக்குக் கோபமும் வரவில்லை.

"நீ மஞ்ச வெச்சதுல தப்பே இல்ல. அத்த ஒருத்தன் பாத்து வெச்சிக்கினு ரூல் போட்டான் பாரு, அதுதான் தப்பு" என்றார் மாயவன்.

"வேற சீட்டு குடுத்துடலாமா?" என்று கவியா கேட்டாள்.

"நேத்தே பீரோவுல வெச்சுப் பூட்டி, எல்லா கேப்டனும் பேப்பர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுட்டோம்" என்றான் வெற்றிசெல்வன். "அதுவும் ஒரு ரூலுதான்."

மாயவன் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். "போச்சு. வண்டி டிப்போவுக்குத்தான்."

"இல்ல" என்றாள் ஆனந்தமேரி. "பஸ்ல கலாட்டா பண்றவங்கள அடக்க ஒரு குரல் போடுவீங்களே மாயவண்ணே, அது இன்னும் இருக்கா?"

கல்யாண மண்டபத்தில் மேடைமீது ஐயப்பன் மைக்கோடு நின்றார். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. பீரோ திறந்து, சீட்டுகள் எல்லோர் முன்னாலும் குடத்தில் விழுந்தன. நாலு மூலையும் மஞ்சளாக ஒன்று விழுந்ததை ஊரே பார்த்தது. ஆறு வருடமாகப் பார்க்கிறது. சாமி காரியம் என்று விட்டுவிட்டது.

சிறப்பு விருந்தினர் எழுந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மண்டபத்தைக் கிழித்தது.

"ஆறு வருஷமா ஒரே ஸ்டாப்பிங்லயே வண்டி நிக்குதே! மொதல்ல டிரைவர மாத்துங்கய்யா!"

கூட்டம் சிரித்தது. ஐயப்பனும் சிரித்தார். இந்த மாதிரிக் குரலுக்காகவே காத்திருந்தவர்போல மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"தாராளமா மாத்தலாம்! இங்க மடியில கனமில்லாதவங்கதான் நிக்கறோம். சபையில யார் வேணும்னாலும் வந்து எடுக்கலாம். யார் வர்றீங்க?"

ஆனந்தமேரி எழுந்து நின்றாள்.

ஐயப்பனின் முகம் மலர்ந்துபோயிற்று. "அடடே, துப்பறியற மேடமா! வாங்க வாங்க. நீங்களே உங்க கையால எடுத்துட்டீங்கன்னா இனிமே இந்த மாவட்டத்துல எவனும் வாயத் தொறக்க முடியாது."

கண்ணைக் கட்டினார்கள். அவள் கை குடத்தின் கழுத்துக்குள் இறங்கியது. உள்ளே எதுவும் இல்லாதது போலத்தான் இருந்தது. கையைச் சுற்றினாள், விரல்களை மூடினாள், வெளியே எடுத்தாள். கட்டை அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் தன் விரல்களுக்கிடையில் ஒரு சீட்டு இருப்பது அவளுக்கே தெரிந்தது. அதன் மூலைகள் வெள்ளையாக இருந்தன.

ஐயப்பன் பிரித்தார். "கச்சிராயபாளையம்" என்று வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு குடத்தின் பக்கம் குனிந்து, தன் கையில் மைக் இருப்பதையே மறந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அது கையில தட்டலியா?"

நாலு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. 

"எது சார்?" என்றாள் ஆனந்தமேரி.

அவர் சட்டென்று மைக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மஞ்ச வெச்ச சீட்டா? தட்டியிருக்கும். எனக்குத்தான் சர்க்கரை, விரல்ல உணர்ச்சி கெடையாது." அவள் கையை உயர்த்திக் காட்டினாள். நடுவிரல் நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டைத் தொட்டுவிட்டுத்தான் தாண்டிப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை.

பின்வரிசையில் நாலைந்து பேர் விசில் அடித்தார்கள். மற்றவர்கள் அதிரவுமில்லை, கத்தவுமில்லை. எப்போதோ தெரிந்துகொண்ட ஒன்றை இன்னொரு தடவை கேட்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஐயப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த சீட்டு" என்றார். அடுத்த சீட்டைச் சிறப்பு விருந்தினர் எடுத்தார், அது மஞ்சள். பெரிய குடத்துச் சின்னசேலம் அணியுடன் வெள்ளிமலைக்கு ஆட்டம், வெள்ளிமலை மைதானத்தில்.

வெற்றிசெல்வன் அதைக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்படுவது எப்படி என்பது அவனுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை போலும்.

ஆனந்தமேரி மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் இன்னொருவனைப் பார்த்தாள். கச்சிராயபாளையம் கேப்டன் சந்தோஷ். கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் மாடிப்படியில் வெற்றிசெல்வன் உட்கார்ந்திருந்த அதே உட்காரல். யாரும் ஏமாற்றாத குலுக்கல்தான். ஆனாலும் சின்னக் குடத்திலிருந்து யாரோ ஒருவன் டவுன் லெவனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அப்படித்தான் விதி போட்டிருக்கிறார்கள். அந்த ஒருவனை இந்த முறை எடுத்துக் கொடுத்தது அவள் கை.

அவளுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வலி. விரலால் கண்ணைத் துடைத்தாள். மஞ்சள் பட்டு எரிந்தது, இன்னும் துடைத்தாள்.

"இன்னா மேரிம்மா கண்ணுல?" என்றார் மாயவன்.

"மஞ்ச."

மாயவன் அதற்கு ஒரு ஜோக் தேடிப்பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்போது வெற்றிசெல்வன் எழுந்தான். தன் ஆட்களிடம் போகவில்லை. முன்வரிசைக்குப் போய் சந்தோஷுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கீழே கிடந்த காலி பேப்பர் கப்புகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தான்.

"இவன்தான் டவுன் லெவனோட லெப்ட் பேக். மொத அரை மணி நேரம் புலி. அப்புறம் மூச்சு வாங்கும். அப்போ இவன் பக்கமாவே அடி. கோல்கீப்பர் இருக்கானே, அவன் வலது பக்கம் தாழ வர்ற பந்துக்கு லேட்டா வுழுவான்."

சந்தோஷ் அவனைச் சந்தேகமாகப் பார்த்தான். "இத்த எனக்கு ஏன் சொல்ற?"

"ஆறு வருஷமா அவங்ககிட்ட தோத்திருக்கேன்டா. அவங்கள என்ன வுட யாருக்குத் தெரியும்? இந்த வருஷம் எனக்கு வேல இல்ல. தெரிஞ்சு வெச்சிருக்கறது வீணாப் போவணுமா?"

 சந்தோஷ் குனிந்து ஒரு கப்பை இரண்டு விரலால் நகர்த்தி வைத்தான்.

"இவன் இங்க நிப்பானா, இன்னும் மேல ஏறி நிப்பானா?"

"ஏறித்தான் நிப்பான்" என்றான் வெற்றிசெல்வன். "அங்கதான் அவனப் புடிக்கணும்."

ஆனந்தமேரி எரியும் கண்ணோடு கடைசி வரிசையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாயவண்ணே, டவுன் லெவன் ஆட்டம் என்னைக்கு?" என்றாள்.

"மலை ஆட்டத்தக் கேக்கலியா?"

"ரெண்டையும்தான் கேக்கறேன்."